ஐக்கிய அமெரிக்க அதிபர் வேட்பாளர் முதனிலைத் தேர்தல்கள்

ஐக்கிய அமெரிக்காவில் அதிபர் பதவிக்குப் போட்டியிடும் கட்சி வேட்பாளர்களைத் தெரிவு செய்வதற்காக மாநிலந்தோறும் நடத்தப்படும் வாக்கெடுப்புகள் முதனிலைத் தேர்தல்கள் எனப்படுகின்றன. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நவம்பர் மாதத்தில் நடைபெறும் பொதுத் தேர்தலுக்கு முன்னதாக, அதே ஆண்டின் சனவரி அல்லது பிப்ரவரி முதல் சூன் வரை இவை நடைபெறுகின்றன. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி ஆகிய இரு பெருங்கட்சிகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

பெரும்பாலான மக்களாட்சி நாடுகளில் வேட்பாளரைக் கட்சித் தலைமையோ கட்சி உறுப்பினர்களோ தீர்மானிக்கின்றனர். அந்த உரிமையைச் சாதாரண வாக்காளரிடம் பெருமளவில் ஒப்படைத்த நாடு அமெரிக்கா. இருப்பினும் இம்முறை குறித்த மனக்குறை ஒவ்வொரு தேர்தல் ஆண்டிலும் எழுகின்றது. சில மாநிலங்களுக்கு அளவுக்கு மீறிய செல்வாக்கு உள்ளது, பல மாநிலங்களின் வாக்குகள் பயனற்றுப் போகின்றன, விதிகள் குழப்பமாக உள்ளன என்பன அடிக்கடி கூறப்படும் குறைகளாகும். இம்முறை ஒரே காலத்தில் திட்டமிட்டு உருவாக்கப்பட்டதன்று. ஒவ்வொரு காலத்திலும் எழுந்த ஒரு குறையைத் தீர்க்கச் செய்யப்பட்ட மாற்றம் மற்றொரு குறைக்கு வழிவகுத்ததை இதன் வரலாறு காட்டுகின்றது.

செயற்படும் முறை

முதனிலைத் தேர்தலில் வாக்காளர் ஒரு வேட்பாளரின் பெயருக்கு வாக்களித்தாலும், அவர் உண்மையில் தெரிவு செய்வது பேராளர்களையே ஆகும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பேராளர்கள் ஒதுக்கப்படுகின்றனர். இவர்கள் கோடைக்காலத்தில் நடைபெறும் கட்சியின் தேசிய மாநாட்டில் கூடி வேட்பாளரை முறைப்படி அறிவிக்கின்றனர். மொத்தப் பேராளர் வாக்குகளில் பாதிக்கு மேல் பெறுபவரே கட்சியின் வேட்பாளர். முதற்சுற்றில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிடில் அடுத்தடுத்த சுற்றுகள் நடத்தப்பட வேண்டும்.

மாநிலங்களில் பேராளரைத் தெரிவு செய்ய இரு வழிகள் உள்ளன.

முதனிலைத் தேர்தல்: இதனைப் பெரும்பாலும் மாநில அரசே தன் செலவில் நடத்துகின்றது. வாக்காளர் வழக்கமான வாக்குச்சாவடிக்குச் சென்றோ அஞ்சல் வழியாகவோ மறைவாக வாக்களிக்கின்றார்.

காக்கஸ்: இது கட்சி நடத்தும் உள்ளூர்க் கூட்டம் ஆகும். பள்ளிக்கூடம், தேவாலயம் போன்ற இடங்களில் குறித்த நேரத்தில் கட்சியினர் கூடித் தம் தெரிவைத் தெரிவிக்கின்றனர். அயோவாவில் ஜனநாயகக் கட்சியினர் 2020 வரை பின்பற்றிய முறையில், ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவாளரும் அரங்கின் ஒரு பகுதியில் கூடி நிற்க, தலைகள் எண்ணப்பட்டன. பொதுவாக 15 விழுக்காட்டுக்குக் குறைவான ஆதரவு பெற்ற குழுவினர் வேறு குழுவில் சேர வேண்டியிருந்தது. அதே மாநிலத்தில் குடியரசுக் கட்சியினர் சீட்டில் எழுதி மறைவாக வாக்களிக்கின்றனர்.

பேராளர்களைப் பங்கிடும் முறையிலும் கட்சிகள் வேறுபடுகின்றன. ஜனநாயகக் கட்சி வாக்கு விகிதத்திற்கேற்பப் பங்கிடுகின்றது. இதில் பங்கு பெற ஒருவர் குறைந்தது 15 விழுக்காடு வாக்குகளைப் பெற வேண்டும். குடியரசுக் கட்சியில் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். சில மாநிலங்களில் முதலிடம் பெறுபவருக்கே எல்லாப் பேராளர்களும் உரியவராவர்.

யார் வாக்களிக்கலாம் என்பதும் ஒரே சீராக இல்லை. மூடிய முதனிலைத் தேர்தலில் அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்துகொண்டவர் மட்டுமே வாக்களிக்க இயலும். திறந்த முதனிலைத் தேர்தலில் எந்த வாக்காளரும் ஏதேனும் ஒரு கட்சியின் தேர்தலில் வாக்களிக்கலாம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட முறைகளும் நடைமுறையில் உள்ளன.

வரலாறு

தொடக்க காலம்

அமெரிக்க அரசியலமைப்பில் கட்சிகள் பற்றியோ வேட்பாளர் தெரிவு பற்றியோ எந்தக் குறிப்பும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு கட்சியைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர்களும் தனியே கூடி வேட்பாளரை முடிவு செய்தனர். 1824இல் இக்கூட்டத்தைப் பெரும்பாலான உறுப்பினர்கள் புறக்கணித்தனர். அதில் தெரிவான வில்லியம் கிராஃபோர்டை மற்றவர்கள் ஏற்கவில்லை, நால்வர் போட்டியிட்டனர். அதிக மக்கள் வாக்குகளையும் அதிகத் தேர்வாளர் வாக்குகளையும் பெற்ற ஆண்ட்ரூ ஜாக்சனுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இதனால் பிரதிநிதிகள் அவை ஜான் குவின்சி ஆடம்சைத் தெரிவு செய்தது. ஒரு சிலர் மட்டும் கூடி முடிவெடுக்கும் முறை இதனுடன் மதிப்பிழந்தது.

அதற்கு மாற்றாக வந்தவையே தேசிய மாநாடுகள். 1831இல் மேசன் எதிர்ப்புக் கட்சியும், 1832இல் ஜனநாயகக் கட்சியும் பால்டிமோர் நகரில் மாநாடுகளை நடத்தின. மாநிலங்களிலிருந்து வந்த பேராளர்கள் வேட்பாளரைத் தெரிவு செய்ததால் அக்காலத்தில் இது மக்கள் சார்பான சீர்திருத்தமாகக் கருதப்பட்டது. ஆனால் காலப்போக்கில் பேராளர்கள் உள்ளூர்க் கட்சித் தலைவர்களின் கட்டுப்பாட்டுக்குள் வந்தனர். 1920இல் சிக்காகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் வாரன் ஹார்டிங் பத்தாவது சுற்றில் தெரிவானார். விடுதி அறையொன்றில் சுருட்டுப் புகைக்கு நடுவே சில தலைவர்கள் பேசி முடித்த தெரிவு இது என்ற கதை பரவியது. மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடக்கும் அரசியல் பேரங்களுக்குப் "புகை மண்டிய அறை" என்ற பெயர் இதனால் நிலைத்தது. 1924இல் நியூயார்க்கில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு, ஜான் டேவிசைத் தெரிவு செய்ய 103 சுற்றுகள் வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது.

முதல் முதனிலைத் தேர்தல்கள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த முற்போக்கு இயக்கத்தினர், கட்சித் தலைவர்களின் பிடியை உடைக்க வேண்டுமெனக் கோரினர். 1905இல் விஸ்கொன்சின் மாநிலம் பேராளர்களை வாக்காளரே தெரிவு செய்யச் சட்டம் இயற்றியது. 1910இல் ஒரிகன் மாநிலம் அதிபர் வேட்பாளரின் பெயருக்கே வாக்களிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

1912இல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், பதவியிலிருந்த அதிபர் வில்லியம் டாஃப்டை எதிர்த்துக் குடியரசுக் கட்சியில் போட்டியிட்டார். ஏறத்தாழ 12 மாநிலங்களில் நடந்த முதனிலைத் தேர்தல்களில் ரூஸ்வெல்ட் 9இல் வென்றார். டாஃப்டின் சொந்த மாநிலமான ஒகையோவும் அவற்றுள் ஒன்று. ஆயினும் ஏனைய மாநிலங்களின் பேராளர்கள் கட்சித் தலைமையின் கையில் இருந்தமையால் மாநாடு டாஃப்டையே தெரிவு செய்தது. ரூஸ்வெல்ட் தனிக்கட்சி தொடங்கிப் போட்டியிட, வாக்குகள் பிளவுபட்டு ஜனநாயகக் கட்சியின் வுட்ரோ வில்சன் வென்றார்.

இதன் பின்னரும் அரை நூற்றாண்டுக்கு மேல் முதனிலைத் தேர்தல்கள் வேட்பாளரின் செல்வாக்கைக் காட்டும் களமாக மட்டுமே இருந்தன. 1952இல் எஸ்டெஸ் கெஃபாவர் ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தல்களுள் பெரும்பாலானவற்றில் வென்றும், மாநாடு அட்லாய் ஸ்டீவன்சனைத் தெரிவு செய்தது. 1960இல் ஜான் கென்னடி, புரட்டஸ்தாந்தர் பெரும்பான்மையாக வாழும் மேற்கு வர்ஜீனியாவில் வென்று, கத்தோலிக்கரும் வெல்ல முடியும் என்பதைக் கட்சித் தலைவர்களுக்கு மெய்ப்பித்தார். மக்களின் வாக்கு அன்று தலைவர்களுக்குச் சான்றாகப் பயன்பட்டதேயன்றி, அதுவே முடிவாக அமையவில்லை.

1968உம் அதன் பின்விளைவும்

இன்றைய முறைக்கு வித்திட்டது 1968ஆம் ஆண்டு. வியட்நாம் போரை எதிர்த்துப் போட்டியிட்ட யூஜின் மெக்கார்த்தி நியூ ஹாம்ப்ஷயரில் எதிர்பாராத வகையில் 42 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். மார்ச் 31 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் போட்டியிலிருந்து விலகினார். சூன் மாதம் கலிபோர்னியாவில் வென்ற இரவில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டு, மறுநாள் உயிரிழந்தார். இறுதியில் சிக்காகோ மாநாடு, ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கியது. மாநாட்டு அரங்குக்கு வெளியே போராட்டக்காரர்களைக் காவல்துறையினர் தாக்கிய காட்சிகள் தொலைக்காட்சியில் நாடெங்கும் காட்டப்பட்டன. நவம்பரில் ரிச்சர்ட் நிக்சன் வென்றார்.

இதன் விளைவாக 1969இல் ஜனநாயகக் கட்சி ஓர் ஆணையத்தை அமைத்தது. தலைமை வகித்த இருவரின் பெயரால் இது மெக்கவர்ன்-ஃபிரேசர் ஆணையம் எனப்படுகின்றது. பேராளர் தெரிவுக்கு எழுத்து வடிவிலான விதிகள் இருத்தல் வேண்டும், தேர்தல் ஆண்டிலேயே வெளிப்படையாக அது நடைபெற வேண்டும், பெண்கள், இளைஞர், சிறுபான்மையினர் ஆகியோருக்கு உரிய இடம் வேண்டும் என அது விதித்தது. எல்லா மாநிலங்களிலும் முதனிலைத் தேர்தல் நடத்த வேண்டுமென அவ்வாணையம் கூறவில்லை. எனினும் புதிய விதிகளை நிறைவேற்ற எளிய வழி அதுவே எனப் பல மாநிலங்கள் கருதின. மாநில அரசுகள் சட்டம் இயற்றியதால் குடியரசுக் கட்சியும் அதே பாதையில் செல்ல நேர்ந்தது. 1972 முதல் இரு கட்சிகளிலும் முதனிலைத் தேர்தல்களே வேட்பாளரைத் தீர்மானிக்கின்றன எனலாம்.

புதிய விதிகளின்படி 1972இல் தெரிவான ஜார்ஜ் மெக்கவர்ன், பொதுத் தேர்தலில் 49 மாநிலங்களை இழந்தார். 1980இல் ஜிம்மி கார்ட்டரும் தோற்ற பின்னர், வெல்லக்கூடிய வேட்பாளரை அடையாளம் காண அனுபவமுள்ள தலைவர்களின் குரலும் தேவை என்ற கருத்து வலுப்பெற்றது. ஹன்ட் ஆணையத்தின் பரிந்துரைப்படி 1984 முதல் ஆளுநர்கள், காங்கிரஸ் உறுப்பினர்கள், கட்சிப் பொறுப்பாளர்கள் ஆகியோர் தேர்தல் முடிவுகளுக்குக் கட்டுப்படாமல் வாக்களிக்கும் உயர் பேராளர்கள் ஆயினர்.

விமர்சனங்கள்

மாநில வரிசை

மிகுதியாக எழும் குறை மாநிலங்களின் வரிசை பற்றியதாகும். 1972 முதல் அயோவா காக்கசும், அதை அடுத்து நியூ ஹாம்ப்ஷயர் முதனிலைத் தேர்தலும் முதலில் நடைபெறுவது நீண்டகால வழக்கமாக இருந்தது. நியூ ஹாம்ப்ஷயர் தன் தேர்தல் ஏனைய முதனிலைத் தேர்தல்களுக்கு முன்னதாகவே நடைபெற வேண்டுமெனச் சட்டமே இயற்றியுள்ளது. அயோவாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 32 இலட்சம். நியூ ஹாம்ப்ஷயரின் மக்கள்தொகை ஏறத்தாழ 14 இலட்சம். இரு மாநிலங்களிலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வெள்ளையர். 2020இல் ஜனநாயகக் கட்சியின் 3,979 உறுதிபூண்ட பேராளர்களுள் அயோவாவுக்கு 41 பேரும், நியூ ஹாம்ப்ஷயருக்கு 24 பேருமே இருந்தனர். கலிபோர்னியாவுக்கு 415 பேர் இருந்தனர்.

ஆனால் முதல் மாநிலங்களின் மதிப்பு பேராளர் எண்ணிக்கையில் இல்லை. அங்கு முன்னிலை பெறுபவர் மீது செய்தியாளரின் கவனமும் நன்கொடையும் குவிகின்றன, பின்தங்குபவர் விலகுகின்றார். 1976இல் அதிகம் அறியப்படாத கார்ட்டர், அயோவாவில் ஏறத்தாழ 28 விழுக்காடு ஆதரவுடன் ஏனைய வேட்பாளர்களை முந்தினார். "முடிவு செய்யவில்லை" என்றோர் அவரை விட அதிகமாக, 37 விழுக்காடாக இருந்தனர். இருந்தும் அதுவே அவரை நாடறியச் செய்தது.

சிறிய மாநிலங்கள் முதலில் வருவதை ஆதரிப்போரின் வாதமும் கவனிக்கத்தக்கது. சிறிய மாநிலத்தில் பணம் குறைந்த வேட்பாளரும் ஊர் ஊராகச் சென்று வாக்காளரை நேரில் சந்திக்கலாம். பெரிய மாநிலத்தில் தொலைக்காட்சி விளம்பரம் இன்றிப் போட்டியிட இயலாது.

கடைசியில் வரும் மாநிலங்கள்

வரிசையின் மறுமுனையில் உள்ள வாக்காளர், தம் முறை வரும் முன்பே போட்டி முடிந்துவிடுவதைக் காண்கின்றனர். 2000இல் ஜான் மெக்கெய்ன் மார்ச் 9 அன்று விலகியபோது பல மாநிலங்கள் இன்னும் வாக்களிக்கவில்லை. 2016இல் டெட் குரூசும் ஜான் கேசிக்கும் மே மாதத் தொடக்கத்தில் விலகியதால், சூன் 7 அன்று வாக்களித்த கலிபோர்னியாவின் குடியரசுக் கட்சியினருக்குத் தெரிவு ஏதும் எஞ்சவில்லை. நாட்டின் மிகப்பெரிய மாநிலத்து வாக்காளர் வேட்பாளர் தெரிவில் பார்வையாளராகவே இருந்தனர்.

இதிலிருந்து தப்ப மாநிலங்கள் தம் தேதிகளை முன்னகர்த்தத் தொடங்கின. தென் மாநிலங்கள் பல 1988இல் ஒரே நாளில் வாக்களித்ததிலிருந்து சூப்பர் செவ்வாய் என்ற வழக்கு வலுப்பெற்றது. 2008இல் போட்டி முற்றி, அயோவா சனவரி 3 அன்றே வாக்களித்தது. பிப்ரவரி 5 அன்று 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் வாக்களித்தன. கட்சி விதியை மீறி மிச்சிகனும் புளோரிடாவும் சனவரியில் தேர்தல் நடத்தியதால், அவற்றின் பேராளர்களை ஏற்க மாட்டோம் என ஜனநாயகக் கட்சி அறிவித்தது. புளோரிடாவில் தேதியை நிர்ணயித்த சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்தது குடியரசுக் கட்சி. தண்டனைக்கு உள்ளானோர் வாக்களித்த 17 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள். மிச்சிகன் வாக்குச்சீட்டில் பராக் ஒபாமாவின் பெயரே இடம்பெறவில்லை. போட்டி முடிவுக்கு வந்த பின்னரே அப்பேராளர்களுக்கு முழு வாக்குரிமை திருப்பி அளிக்கப்பட்டது.

காக்கஸ் முறையின் குறைகள்

காக்கசில் கலந்துகொள்ள ஒருவர் மாலை வேளையில் குறித்த நேரத்தில் வந்து, நெடுநேரம் இருக்க வேண்டும். இரவுப் பணி செய்வோர், கைக்குழந்தை உள்ளோர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இது கடினம். அண்டை வீட்டாரும் மேலதிகாரியும் பார்க்க நிற்க வேண்டியிருந்தமையால் மறைவு வாக்குரிமையும் இல்லாமற்போனது.

இதன் விளைவை 2016இல் வாஷிங்டன் மாநிலத்தில் தெளிவாகக் காணலாம். மார்ச் மாத ஜனநாயகக் கட்சி காக்கசில் ஏறத்தாழ 2.3 இலட்சம் பேர் கலந்துகொண்டனர். பெர்னி சான்டர்ஸ் எழுபது விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு பெற்றார். மே மாதம் அதே மாநிலத்தில் நடந்த முதனிலைத் தேர்தலில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் வாக்களித்தனர். ஹிலாரி கிளின்டன் முந்தினார். ஆயினும் கட்சி விதிப்படி காக்கஸ் முடிவே செல்லுபடியானது. 101 பேராளர்களுள் 74 பேர் சான்டர்சுக்குக் கிடைத்தனர். 2020இல் அம்மாநிலம் முதனிலைத் தேர்தலுக்கு மாறியது. 2008இல் டெக்சஸ் மாநிலத்தில் ஒரே நாளில் இரண்டும் நடந்தன. வாக்குகளில் கிளின்டன் வென்றார்; மொத்தப் பேராளர் எண்ணிக்கையில் ஒபாமா முந்தினார்.

தன்னார்வலர்கள் நடத்தும் கூட்டங்களில் எண்ணிக்கைப் பிழைகளும் நேர்கின்றன. 2012 அயோவா குடியரசுக் கட்சி காக்கசில் மிட் ராம்னி 8 வாக்குகளால் வென்றதாக அன்றிரவு அறிவிக்கப்பட்டது. இரு வாரங்கள் கழித்து ரிக் சான்டோரம் 34 வாக்குகளால் முந்தியதாகத் தெரியவந்தது. சில சாவடிகளின் முடிவுகள் கிடைக்கவேயில்லை. அதற்குள் செய்தியாளர்கள் அடுத்த மாநிலத்துக்குச் சென்றுவிட்டனர். 2020 பிப்ரவரி 3 அன்று ஜனநாயகக் கட்சி காக்கசில், முடிவுகளை அனுப்ப உருவாக்கப்பட்ட கைபேசிச் செயலி செயலிழந்தது. மாற்று வழியாக வைத்திருந்த தொலைபேசி இணைப்புகளும் திணறின. வாக்குகள் தாளில் பதியப்பட்டிருந்ததால் அவை அழியவில்லை. எனினும் முடிவு வெளிவரப் பல நாட்கள் ஆயின.

வாக்குரிமையும் பங்கேற்பும்

மூடிய முதனிலைத் தேர்தல்களில், கட்சிப் பதிவுக்கான காலக்கெடு பலரை வெளியே நிறுத்துகின்றது. 2016 ஏப்ரல் 19 அன்று நடந்த நியூயார்க் தேர்தலில் கட்சி மாறி வாக்களிக்க விரும்புவோர் 2015 அக்டோபர் 9க்குள் பதிவு செய்திருக்க வேண்டும். வேட்பாளர் டொனால்ட் டிரம்பின் மகளும் மகனுமே இக்காலக்கெடுவைத் தவறவிட்டதால் தந்தைக்கு வாக்களிக்க இயலவில்லை.

பங்கேற்பும் குறைவே. போட்டி கடுமையாக இருந்த 2016இலும் தகுதியுள்ள வாக்காளரில் பத்தில் மூவருக்கும் குறைவானோரே முதனிலைத் தேர்தல்களில் வாக்களித்தனர். கிளின்டன் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம், டிரம்ப் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் வாக்குகள் பெற்று வேட்பாளர்களாயினர். 32 கோடி மக்கள் வாழும் நாட்டில், நவம்பரில் யாருக்கிடையே தெரிவு என்பதை முடிவு செய்தவை ஏறத்தாழ 3 கோடி வாக்குகள் ஆகும்.

வாக்குச் சிதறல்

பலர் போட்டியிடும்போது ஒருவருக்கு மட்டுமே வாக்களிக்கும் முறையில் வாக்குகள் சிதறுகின்றன. 2016இல் குடியரசுக் கட்சியில் 17 பேர் முக்கிய வேட்பாளர்களாகக் களமிறங்கினர். தென் கரோலினாவில் டிரம்ப் ஏறத்தாழ 32.5 விழுக்காடு வாக்குகளுடன் அம்மாநிலத்தின் 50 பேராளர்களையும் பெற்றார். அதாவது மூன்றில் இரு பங்கு வாக்குகளுக்கு ஒரு பேராளரும் கிடைக்கவில்லை. ஏப்ரலில் நியூயார்க் வாக்களிக்கும் வரை எந்த மாநிலத்திலும் அவர் பாதிக்கு மேல் வாக்குகள் பெற்றிருக்கவில்லை. எஞ்சிய வாக்குகள் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பது விவாதத்துக்குரியது. அவ்வாக்காளர்களுள் பலருக்கு டிரம்ப் இரண்டாம் தெரிவாக இருந்திருக்கலாம். வாக்குச்சீட்டில் இரண்டாம் தெரிவைக் கேட்காத முறையில் இதற்கு விடை காண இயலாது.

முன்கூட்டியே வாக்களிப்போருக்கு வேறொரு இடர் உள்ளது. 2020 மார்ச் 3 சூப்பர் செவ்வாய்க்கு முந்தைய இரு நாட்களில் பீட் புட்டிஜெட்ஜும் ஏமி குளோபுச்சரும் விலகினர். அவர்களுக்கு ஏற்கனவே அஞ்சல் வழியாக வாக்களித்தோரின் வாக்குகள் பயனற்றுப்போயின.

உயர் பேராளர்கள்

உயர் பேராளர் முறை 2008இலும் 2016இலும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2016இல் ஏறத்தாழ 700 உயர் பேராளர்களுள் பெரும்பாலோர் தொடக்கத்திலேயே கிளின்டனுக்கு ஆதரவு தெரிவித்தனர். ஊடகங்கள் அவர்களையும் சேர்த்து எண்ணிக்கை வெளியிட்டதால், போட்டி முன்பே முடிந்துவிட்டதான தோற்றம் உண்டானதாகச் சான்டர்ஸ் ஆதரவாளர்கள் குற்றஞ்சாட்டினர். மக்கள் வாக்குகளிலும் உறுதிபூண்ட பேராளரிலும் கிளின்டனே முன்னிலை பெற்றிருந்தார். எனினும் முறையின் மீதான நம்பிக்கை குறைந்தது. 2018இல் கட்சி விதியை மாற்றியது. இதன்படி, முடிவு ஏற்கனவே உறுதியாகிவிட்ட நிலையில் அன்றி, உயர் பேராளர்கள் முதற்சுற்றில் வாக்களிக்க இயலாது.

பணம்

முதல் வாக்கு பதிவாவதற்கு முந்தைய ஆண்டில் நிதியும் ஆதரவும் திரட்டும் போட்டி நடக்கின்றது. இதனை அரசியல் அறிஞர்கள் கண்ணுக்குத் தெரியாத முதனிலைத் தேர்தல் என்பர். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளான கமலா ஹாரிஸ், நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி 2019 டிசம்பரில் போட்டியிலிருந்து விலகினார். அப்போது எந்த மாநிலத்திலும் ஒருவரும் வாக்களித்திருக்கவில்லை. பணம் மட்டுமே வெற்றியைத் தருவதும் இல்லை. 2020இல் மைக்கேல் புளூம்பெர்க் தம் சொந்தப் பணத்திலிருந்து ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவிட்டு, அமெரிக்க சமோவா தீவுகளில் மட்டும் வென்றார். பணம் ஒருவரை வெல்ல வைப்பதைவிட, அது இல்லாதவரை வெளியேற்றுவதே உறுதியாக நிகழ்கின்றது.

சட்ட நிலை

இக்குறைகளைத் தீர்ப்பது கடினமாக இருப்பதற்கு அடிப்படைக் காரணம், முதனிலைத் தேர்தல் யாருக்குச் சொந்தமானது என்பது தெளிவாக இல்லாமையே. தேர்தலை மாநில அரசு நடத்துகின்றது. பேராளர் விதிகளைத் தேசியக் கட்சி வகுக்கின்றது. மாநிலக் கட்சி அவற்றைச் செயற்படுத்துகின்றது.

டெக்சஸ் மாநில ஜனநாயகக் கட்சி, தான் ஒரு தனியார் சங்கம் எனக் கூறிக் கறுப்பினத்தவரைத் தன் முதனிலைத் தேர்தல்களிலிருந்து விலக்கி வைத்திருந்தது. 1944இல் உச்ச நீதிமன்றம் இதனைச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மறுபுறம், கலிபோர்னியாவில் எல்லாக் கட்சி வேட்பாளரையும் ஒரே சீட்டில் வைத்து யாரும் யாருக்கும் வாக்களிக்க வழிசெய்த சட்டத்தை 2000இல் அதே நீதிமன்றம் நீக்கியது. தன் வேட்பாளரைத் தெரிவு செய்வோர் யார் என்பதில் கட்சிக்கு உரிமை உண்டு என்பது அதன் அடிப்படை. ஆகவே கட்சி இனப்பாகுபாடு காட்ட இயலாது. ஆனால் முழுமையான பொது அமைப்பாகவும் அது கருதப்படுவதில்லை.

இதனால் எழும் குழப்பத்துக்கு 2024இல் நெவாடா எடுத்துக்காட்டாக அமைந்தது. மாநில அரசு பிப்ரவரி 6 அன்று முதனிலைத் தேர்தல் நடத்தியது. குடியரசுக் கட்சி அதனை ஏற்காமல் பிப்ரவரி 8 அன்று காக்கஸ் நடத்தி, அதில் மட்டுமே பேராளர்களை வழங்கியது. முதனிலைத் தேர்தலில் நிக்கி ஹேலி போட்டியிட்டார்; டிரம்பின் பெயர் அதில் இல்லை. ஹேலியைவிட "இவர்களில் எவரும் இல்லை" என்ற தெரிவு அதிக வாக்குகளைப் பெற்றது. இரு நாட்கள் கழித்து டிரம்ப் எல்லாப் பேராளர்களையும் பெற்றார்.

2024 தேர்தல்

ஜனநாயகக் கட்சி 2024இல் வரிசையை மாற்றி, கறுப்பின வாக்காளர் மிகுந்த தென் கரோலினாவை முதலில் வைத்தது. நியூ ஹாம்ப்ஷயர் தன் சட்டப்படி சனவரி 23 அன்றே தேர்தல் நடத்தியது. அதில் தம் பெயரைப் பதியாத அதிபர் ஜோ பைடன், வாக்காளர் தாமே பெயரை எழுதிய வாக்குகளால் வென்றார். புளோரிடாவில் கட்சி பைடன் பெயரை மட்டும் அளித்ததால் வாக்கெடுப்பே நடைபெறவில்லை. பதவியிலிருக்கும் அதிபரின் கட்சி இவ்வாறு செய்வது புதிதன்று; 2020இல் குடியரசுக் கட்சி தென் கரோலினா, நெவாடா, கான்சஸ் ஆகிய மாநிலங்களில் வாக்கெடுப்பைக் கைவிட்டது.

பைடன் 1 கோடியே 40 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளையும் ஏறக்குறைய எல்லாப் பேராளர்களையும் பெற்றார். சூன் 27 விவாதத்தில் அவர் தடுமாறியதை அடுத்து, கட்சித் தலைவர்களின் வற்புறுத்தல் பெருகி, சூலை 21 அன்று விலகினார். ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையவழி வாக்கெடுப்பில் பேராளர்கள் கமலா ஹாரிசைத் தெரிவு செய்தனர். 1968க்குப் பின்னர், தம் பெயரில் முதனிலைத் தேர்தல்களைச் சந்திக்காமல் ஒரு பெருங்கட்சியின் வேட்பாளரானவர் அவரே. வாக்காளரின் தெரிவு புறக்கணிக்கப்பட்டது எனச் சிலர் குறைகூறினர். நெருக்கடியில் முடிவெடுக்கப் பேராளர்கள் இருப்பதே மாநாட்டின் பயன் என வேறு சிலர் வாதிட்டனர். போட்டியற்ற முதனிலைத் தேர்தல்கள் வேட்பாளரின் நிலையை உரிய காலத்தில் சோதிக்கத் தவறின என்பதில் இரு சாராரும் பெரும்பாலும் உடன்பட்டனர். நவம்பரில் டிரம்ப் வென்றார்.

சீர்திருத்த யோசனைகள்

ஒரே நாளில் தேசிய முதனிலைத் தேர்தல்: 1913இல் அதிபர் வில்சனே இதனைக் காங்கிரசிடம் முன்வைத்தார். எல்லா வாக்குகளும் ஒரே நேரத்தில் பதிவாவதால் வரிசைச் சிக்கல் தீரும். ஆனால் ஏற்கனவே புகழும் பணமும் உள்ளவருக்கே இது வாய்ப்பளிக்கும்.

சுழற்சி முறையில் வட்டாரத் தேர்தல்கள்: நாட்டை நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, எந்த வட்டாரம் முதலில் வாக்களிப்பது என்பதை ஒவ்வொரு தேர்தலிலும் மாற்றுவது. இதனை மாநிலச் செயலாளர்களின் தேசியச் சங்கம் பரிந்துரைத்துள்ளது.

சிறிய மாநிலங்கள் முதலில்: டெலவேர் திட்டம் எனப்படும் இது, மக்கள்தொகை குறைந்த மாநிலங்கள் முதலிலும் மிகுந்தவை இறுதியிலும் வாக்களிக்க வகை செய்கின்றது. 2000இல் குடியரசுக் கட்சி இதனை ஆராய்ந்து கைவிட்டது.

தெரிவு வரிசை வாக்களிப்பு: வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துகின்றார். பின்தங்கியவரின் வாக்குகள் அடுத்த தெரிவுக்கு மாற்றப்படுகின்றன. 2020இல் ஜனநாயகக் கட்சி அலாஸ்கா, ஹவாய், கான்சஸ், வயோமிங் ஆகிய மாநிலங்களில் இதனைப் பயன்படுத்தியது. வாக்குச் சிதறலையும், விலகியவருக்கு அளித்த வாக்கு வீணாவதையும் இது குறைக்கின்றது.

இவற்றுள் முதல் மூன்றும் 50 மாநிலங்களும் இரு கட்சிகளும் உடன்பட்டாலன்றி நிறைவேறா. முன்னுரிமை பெற்றுள்ள மாநிலங்கள் அதனை விட்டுக்கொடுக்க முன்வருவதில்லை. தெரிவு வரிசை வாக்களிப்பைத் தனித்தனி மாநிலங்களே கொண்டுவரலாம் என்பதால் அது ஓரளவு பரவியுள்ளது.

பிற நாடுகள்

ஐக்கிய இராச்சியத்தில் கன்சர்வேட்டிவ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவரைத் தெரிவு செய்ய, கட்சி உறுப்பினர்கள் அவர்களுள் ஒருவரைத் தலைவராக்குகின்றனர். 2022இல் நாடாளுமன்ற உறுப்பினரிடையே முதலிடம் பெற்றவர் ரிஷி சுனக். கட்சி உறுப்பினர் தெரிவு செய்தவர் லிஸ் டிரஸ். இரு மாதங்களுக்குள் டிரஸ் பதவி விலக, சுனக் பிரதமரானார். அர்ஜென்டினா எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே நாளில், வாக்களிப்பது கட்டாயமான முதனிலைத் தேர்தலை 2011 முதல் நடத்தியது. 2025இல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. இந்தியாவில் வேட்பாளர் தெரிவு கட்சித் தலைமையிடமே உள்ளது.

மதிப்பீடு

முதனிலைத் தேர்தல் முறை மூன்று நோக்கங்களை ஒருங்கே நிறைவேற்ற முயல்கின்றது. எல்லா வாக்காளருக்கும் சமமான குரல் வேண்டும்; புதியவரும் போட்டியிட வாய்ப்பு வேண்டும்; பொதுத் தேர்தலில் வென்று ஆளத்தக்கவர் தெரிவாக வேண்டும். ஒரே நாளில் வாக்களித்தால் முதலாவது நிறைவேறி இரண்டாவது கெடுகின்றது. மாநில வரிசை இரண்டாவதைக் காத்து முதலாவதைக் கெடுக்கின்றது. தலைவர்களுக்கு இடமளித்தால் மூன்றாவதற்கு உதவலாம். ஆனால் வாக்காளரின் நம்பிக்கை குலைகின்றது. 1824 முதல் 2024 வரை எழுந்த மனக்குறைகள் இம்மூன்றுள் ஏதேனும் ஒன்றின் குறைபாட்டால் விளைந்தவையே. எதற்கு முதலிடம் அளிப்பது என்பதில் உடன்பாடு ஏற்படாத வரை, விதிகளில் செய்யப்படும் மாற்றம் குறையை இடம்மாற்றுமேயன்றி நீக்காது.

இவற்றையும் பார்க்கவும்

ஐக்கிய அமெரிக்க அதிபர் தேர்தல்
ஜனநாயகக் கட்சி (ஐக்கிய அமெரிக்கா)
குடியரசுக் கட்சி (ஐக்கிய அமெரிக்கா)
தேர்வாளர் குழு